ஆறு பேட்டரிகள்

எர்ச்சிம் மூன்று கேமராக்களை மேசையில் வரிசையாக வைத்து
எத்தனை மெகாபிக்சல் எத்தனை மெகாபிக்சல் என்று
ஏலக்காரன் மாதிரி ஏற்றிக்கொண்டே போனான்.
நான் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
உள்ளே கம்பளி, வெளியே கலைமான் தோல்.
கடைக்குள் வெயில்காலம்போல் சூடு,
அவன் சிரித்தான்.

கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொரு பொத்தானாகத் தேடினேன்.
முதலாவதில் எல்லாம் வழுக்கியது.
இரண்டாவது, தொட்டால் போதும் என்கிற திரை;
எங்கள் ஊரில் யார் தொடுவது அதை,
எந்த விரலால்?
மூன்றாவதில்தான் ஷட்டர் இருக்கும் இடம்
தோலைத் தாண்டி விரலுக்குத் தெரிந்தது.

மூன்றிலும் அதுதான் பழையது, விலையும் குறைவு.
"இருட்டில் புள்ளியடிக்கும் அக்கா."
அடிக்கட்டும்.
மூன்றரை மணிக்கே விளக்கேற்றும் யகுத்ஸ்க்கில்
புள்ளி விழாத முகம் எனக்கு எதற்கு.

மிச்சப் பணத்துக்கு பேட்டரி வாங்கினேன், ஆறு.
டிரைபாடின் கால்களுக்குக் குழாய்க்குப் போடும் பஞ்சுறை.
பிறகு சந்தையில்
வாளிக்குள் விறகுபோல் விறைத்து நிற்கும் மீன்களுக்குப் பின்னால்
உட்கார்ந்திருந்த பெண்ணிடம்
பெரிய பிளாஸ்டிக் பை ஒரு கட்டு.
"எத்தனை கிலோ மீன்?" என்றாள்.
"மீன் இல்லை, கேமரா."
அவள் மேலே எதுவும் கேட்கவில்லை.

குன்னேயின் கல்யாணத்தன்று மைனஸ் நாற்பத்து நான்கு.
உறைந்த லேனா ஆற்றின்மேல்
மேலங்கியைக் கழற்றி நான்கு நிமிடம் நிற்பேன்,
ஐந்தாவது நிமிடம் நீயே என்னைக் கட்டிக்கொள் என்றாள்.
முதல் பேட்டரி எண்பது சதவிகிதம் காட்டியது,
இரண்டு படம்,
அப்புறம் செத்துப்போனது.

செத்ததில்லை, விறைத்தது.
உடம்புச் சூடு பட்டால் எழுந்துவிடும்.
என் வயிற்றோடு ஒன்றைத்தான் வைக்க முடியும்,
மற்றதை எல்லாம் விருந்தாளிகளிடம் கொடுத்தேன்.
அக்குளில் வையுங்கள், சட்டைக்கு உள்ளே,
சாவிக்கொத்தோடு சேர்க்காதீர்கள்.
மாப்பிள்ளையின் அப்பா ஒன்று,
கணக்கு டீச்சர் ஒன்று,
ப்ரகோப்பி மாமா ஒன்று.
கோழி மாதிரி அடைகாத்தார்கள்.
நான் மூச்சைப் பக்கவாட்டில் விட்டேன்.
நேராக விட்டால் வியூஃபைண்டரில் பனி பூக்கும்,
அதைத் துடைக்கப் போனால் கீறல்தான் மிச்சம்.

விருந்துக்கு எல்லோரும் உள்ளே ஓடினார்கள்.
நான் வெளியிலேயே நின்று
கேமராவைப் பைக்குள் போட்டு
காற்றைப் பிழிந்து எடுத்து முடிச்சுப் போட்டேன்.
அப்படியே உள்ளே கொண்டுபோனால்
அதற்கு வியர்த்துவிடும்;
லென்ஸுக்குள், பலகைக்குள், எங்கும் தண்ணீர்.
இரண்டு கதவுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம்,
செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று மணி நேரம்.
குன்னேய் ஆடினதை அது பார்க்கவில்லை.
மாமா பாட்டை நடுவில் மறந்து அழுததையும்.
அதெல்லாம் யார் யாரோ போனில் எடுத்தார்கள், ஆடி ஆடி.

நள்ளிரவில் பையைத் தொட்டேன்,
வெளிப்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம்.
உள்ளே உலர்ந்து கிடந்தது.

படங்களை ஓட்டிப் பார்த்தேன்.
குன்னேயின் இமையில் உறைபனி,
அவளைச் சுற்றிப் புள்ளியடித்த சாம்பல் வெளிச்சம்.
பின்வரிசையில் ஐந்து பேர்,
ஐந்து பேருமே
ஒரு கையை அங்கிக்குள் விட்டு நெஞ்சோடு அழுத்தியபடி,
ஏதோ சத்தியம் செய்கிறவர்கள் போல.

மேசையில் எண்ணினேன்.
கேமராவில் இருந்ததோடு சேர்த்து ஐந்து.

போன் அடித்தது.
ப்ரகோப்பி மாமா, கடைசிப் பேருந்தில் போனவர்,
இப்போது நாம்ட்ஸியில், வீட்டில், கட்டிலில்.
"அக்குளில் ஒன்று உறுத்துகிறது.
இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.
எடுத்துவிடட்டுமா,
இல்லை, காலைவரை வைத்துக்கொள்ளவா?"